மாப்பிள்ளையின் முழங்கை

தம்பி, ஞாயிற்றுக்கிழமை நீ மிலானோவிலிருந்து டெலிபோன் எடுத்துச் சொன்னதற்கு நான் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். உனக்கு அது போதும்போல இருந்திருக்கும். "அம்மா விளங்கிக்கொண்டா" என்று நினைத்திருப்பாய். நான் ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை. அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அதுதான் வைத்தேன். அடுப்பைத் துடைத்துவிட்டு இருந்து யோசித்தபோது சொல்ல வேண்டியது நிறைய இருப்பது தெரிந்தது. டெலிபோனில் சொன்னால் நீ "சரி அம்மா, சரி அம்மா" என்று இடையில் வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. ஆறுதலாக இருந்து வாசி.

நீ சொன்னது இதுதான்: "அம்மா, கலியாணத்திலை நீங்கள் பாட வேண்டாம். மாப்பிள்ளையின்ரை தாய் மைக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது வடிவில்லை எண்டு மாமி நினைக்கிறா." நீ கட்டப்போகிற துஷாவின் தாய் அப்படி நினைத்தால் நினைக்கட்டும், பெண் வீட்டாரின் சொல்லுக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் மனதைத் தேற்றினேன். ஆனால் கவலையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. உன்னுடைய கலியாணத்துக்கு நகை, மண்டபம், சாப்பாடு என்று எதிலும் நான் தலையிடவில்லை. பாட வேண்டும் என்ற ஒரு ஆசைதான் இருந்தது. நாலு வருஷமாகக் குசினிக்குள் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறவள், மகனின் கலியாணத்தில் ஒரு தரம் நாலு பேருக்கு முன்னால் பாடலாம் என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் பாண்டின் கதை உனக்குத் தெரியும் என்று நீ நினைக்கிறாய். பாதிதான் தெரியும். மற்றப் பாதி நடந்தபோது நீ பத்தொன்பது இருபது வயதுப் பெடியன், வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். 2002 கோடையில் அது தொடங்கியது. இங்கே பலேர்மோவில் பொலித்தேயாமாத் தியேட்டருக்குப் பக்கத்தில் நான் வேலை செய்த சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்து முடித்துவிட்டு, மத்தியானம் போர்கோ வெக்கியோ சந்தைக்குள்ளால் வருவேன். அங்கே சால்வோவின் மீன்கடை. அன்றைக்கு அவனும் அவனுடைய மச்சானும் ஐஸ் பெட்டி ஏற்றிய தள்ளுவண்டியை நடைபாதைக்கு ஏற்றப் பாடுபட்டுக்கொண்டிருந்தார்கள். சில்லு ஏறவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் எப்படி ஏறும்? என்னுடைய வாய் சும்மா இருக்கவில்லை. கரைவலை இழுக்கிற அம்பாவில் ஒரு அடியை எடுத்துவிட்டேன்.

அம்பா என்றால் என்ன என்று உனக்கு நான் ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லித் தரவில்லை. வலை இழுக்கும்போது ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பதிலடி சொல்லிக்கொண்டே இழுப்பார்கள். பாட்டுக்கு இத்தனை அடி என்று கிடையாது. வலை கரைக்கு வருமட்டும் பாட்டுப் போகும். அய்யாவும் சித்தப்பாமாரும் பாடக் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாகிவிட்டது. அன்றைக்குச் சந்தையில் நான் பாடியதும் சால்வோ நிமிர்ந்து பார்த்தான். சிரிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவன் தன்னுடைய பாஷையில் அதே தாளத்தில் பதிலடி சொன்னான். அவனுடைய ஆட்களும் இந்தத் தீவின் மேற்குக் கரையில் சூரைமீன் வலை இழுத்தவர்களாம், அவர்களிடமும் இப்படியே எடுத்துக் கொடுத்துப் பதில் சொல்லுகிற பாட்டு இருக்கிறதாம். வண்டி ஏறிவிட்டது. மறுநாள் அவன் கடைக்கு அக்கோர்டியன் கொண்டுவந்திருந்தான்.

பிறகு மற்றவர்கள் சேர்ந்தார்கள். மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கிருபாவிடம் பழைய கீபோர்ட் இருந்தது. முத்து மொரீசியஸ்காரன், ஒரு கிழவருக்குத் துணையாக அவர் வீட்டிலேயே தங்கி வேலை செய்தவன். பெயரும் கும்பிடுகிற சாமியும் தமிழ், ஆனால் வாயில் தமிழ் கிடையாது. தேவாரம் கடகடவென்று சொல்லுவான், அர்த்தம் கேட்டால் முழிப்பான். "அக்கா" என்ற சொல் மட்டும் தெரியும், அதைச் சொல்லிவிட்டு மிச்சத்தை இத்தாலியனில் கதைப்பான். அவனிடம் ஆட்டுத்தோல் போட்ட அகலமான வட்ட மேளம் ஒன்று இருந்தது. வாசிக்க முதல் அதை நெருப்பில் காட்டிச் சூடாக்க வேண்டும். எந்த மண்டபத்துக்குப் போனாலும் முத்து முதலில் தேடுவது குசினியிலுள்ள காஸ் அடுப்பைத்தான். அப்பாவுக்கு ஒரு வாத்தியமும் தெரியாது, அதனால் வானும் வயரும் அவருடைய பொறுப்பு. நாங்கள் பெயர் ஒன்றும் வைக்கவில்லை. சனம் "மீன்கடை பாண்ட்" என்று வைத்துவிட்டது.

நாங்கள் பாடினது எல்லாம் நாட்டுப்பாட்டுத்தான். நெல்லறுக்கிற அருவிவெட்டுப் பாட்டு, அம்பா, சால்வோவின் ஊர்ப் பாட்டு, முத்துவின் தீவில் ஆடுகிற பாட்டு. பிறந்தநாள், பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கலியாணம் என்று கூப்பிட்டார்கள். நாதஸ்வரம், தவில் எல்லாம் அப்போது பலேர்மோவுக்கு வர வழியில்லை, ஆகவே கெட்டிமேளமும் எங்கள் தலையில் விழுந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் தும்மல், இருமல் ஒன்றும் காதில் விழாத மாதிரி அடித்துத் தள்ள வேண்டும், அவ்வளவுதானே என்று நாங்களும் ஒத்துக்கொண்டோம். சால்வோவுக்கும் முத்துவுக்கும் சடங்கு ஒன்றும் விளங்காது. அதனால் கிருபா ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: "ஐயர் கையைத் தூக்கினால் தொடங்கு." அவ்வளவு நல்ல யோசனை எங்களுக்குப் பிறகு ஒருநாளும் வரவில்லை!

அந்தக் கலியாணம் துஷாவின் தமக்கை சுபாவினுடையது. 2003 ஆனி வெயில், மண்டபத்தில் காற்றாடி ஒன்று வேலை செய்யவில்லை, ஐயரைக் கத்தானியாவிலிருந்து கூட்டி வந்திருந்தார்கள். தாலித் தட்டைச் சபைக்குக் கொண்டுபோய் எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கிற நேரம். தட்டை ஏந்த வேண்டிய உறவுக்காரப் பொம்பிளைக்கு முழங்கால் வருத்தம் என்று துஷாவின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் மூன்றாம் வரிசையில் ஜெர்மனியிலிருந்து வந்த தாய்மாமனிடம் அகப்பட்டுக்கொண்டாள். அந்த மனிதர் தாலியைத் தொட்டு, கண்ணை மூடி, தனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இங்கே மணவறையில் வீடியோக்காரன் பெரிய லைற்றை ஐயரின் கண்ணுக்கு நேரே பிடித்தான். ஐயர் "அங்காலை கொண்டுபோ" என்று கையைத் தூக்கினார்.

சால்வோ உயிரைக் கொடுத்து அக்கோர்டியனை இழுத்தான். முத்து அடித்தான். கிருபாவும் யோசிக்காமல் அமத்தினார். சனம் அறுகரிசியை அள்ளி எறிந்தது. பெண்ணின் தலையில், மாப்பிள்ளையின் தலைப்பாகையில், ஐயரின் வாய்க்குள் எல்லாம் அரிசி. தாலி மட்டும் மூன்றாம் வரிசையில் நிற்கிறது. ஐயர் திகைத்துப்போய் இருந்தார். கிருபா பிழையை உணர்ந்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். சுபாவின் தாய், அதுதான் உன்னுடைய மாமி, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினா. தாலி ஏற முதல் மேளம் அடித்து ஓய்ந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று சனம் என்னென்ன கதைக்கும், உனக்குத் தெரியும்தானே. அந்தப் பேச்சை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுக்கச் சுமக்க வேண்டும்.

அப்போதுதான் மேளம் இன்னும் ஓயவில்லை என்பது எனக்குப் பட்டது. முத்து தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான், அவனுக்கு என்ன பிழை நடந்தது என்றே தெரியாது. ஓயாத மேளம் ஒரே மேளம்தானே? நான் மைக்கில் கத்தினேன்: "நொன் வி ஃபெர்மாத்தே! நிப்பாட்டாதேங்கோ!" கத்தின கையோடு அம்பாவை எடுத்தேன். முடிவில்லாத பாட்டு எனக்கு அது ஒன்றுதான் தெரியும். பின்வரிசையில் எங்கள் கரையாட்கள் சிலர் இருந்தார்கள், முதலில் அவர்கள் பதிலடி சொன்னார்கள். அடுத்த அடிக்கு அவர்களுக்கு முன்னால் இருந்தவர்களும் சேர்ந்தார்கள். யாரோ துஷாவின் கையிலிருந்து தட்டை வாங்கி முன்வரிசைக்கு நீட்ட, அங்கிருந்து இன்னொரு கை வாங்க, வலை வருவதைப் போலவே தாலி கைக்குக் கை வந்தது. நான் பார்த்துக்கொண்டு பாடினேன். மாப்பிள்ளை எழும்பினான், முழங்கை உயர்ந்தது, தாலி ஏறியது. எறிவதற்கு அரிசி இல்லை என்று யாரோ குசினிக்கு ஓடி, சுப்பர்மார்க்கெற் அரிசிப் பாக்கெற்றை உடைத்துக்கொண்டு வந்தார்கள். முடிச்சுப் போட்டு முடிந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். நீ அப்பாவுடன் சவுண்ட் மிக்சருக்குப் பக்கத்தில் நின்றாய். வெறுங்கையோடு நின்ற துஷா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். நீ அவளைப் பார்த்ததை நான் பார்த்தேன், பாடிக்கொண்டே பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு சட்டம் போட்டோம். ஐயரின் கையை யாரும் பார்க்கக் கூடாது. ஐயருக்கு மூக்குக் கடிக்கும், வேர்க்கும், ஆயிரம் காரணத்துக்குக் கை உயரும். மாப்பிள்ளையின் முழங்கையைத்தான் பார்க்க வேண்டும். தாலியை இரண்டு கையாலும் பிடித்துக் கழுத்துக்குக் கொண்டுபோகிறபோது முழங்கை தானாக வெளியே விரியும், அதில் ஏமாற்று இல்லை. நாங்கள் மேடையின் பக்கத்தில் நிற்பதால் அது நன்றாகத் தெரியும். சிலருக்கு நடுங்கும். சிலர் சண்டைக்குப் போகிற மாதிரி விரிப்பார்கள். நான் முழங்கையைப் பார்ப்பேன், மற்ற மூன்று பேரும் என்னைப் பார்ப்பார்கள். சுபாவின் கலியாணத்துக்குப் பிறகு, நம்பினால் நம்பு, "அந்த நிக்காத மேளம் வேணும்" என்று கத்தானியாவிலிருந்தும் மெஸ்ஸீனாவிலிருந்தும் சனம் கேட்டு வந்தது. பிழையால் பெயர் எடுத்த பாண்ட் எங்களுடையதுதான்.

2005 முடிகிறபோது அது கலைந்துவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. முதலில் முத்து கவனித்த கிழவர் காலமானார், வேலையும் இருக்க இடமும் ஒன்றாகப் போக, அவன் பிரான்ஸில் லியோனிலிருந்த சகோதரியிடம் போனான். இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பின்னேரங்களில் கதிரை போட்டு எல்லாரையும் இருத்தி மேளம் அடிக்கிறானாம். கையை அசைக்காமல் கிடந்த ஒரு மனுசி தொடையில் தாளம் போட்டதாம். அவனுக்கு அங்கே உதவியாள் என்றுதான் பெயர், மேளகாரன் என்று இல்லை. நெருப்பு மூட்ட விடமாட்டார்களாம், தலைமயிர் காய வைக்கிற மெஷினால் தோலைச் சூடாக்குகிறானாம். இதைச் சொல்லிவிட்டு டெலிபோனில் அரைமணித்தியாலம் சிரித்தான்.

கிருபா மனைவியிடம் கனடா போனார். உண்மையைச் சொன்னால் எங்களுக்குள் ஆக மோசமாக வாசித்தது அவர்தான், கஷ்டமான இடம் வந்தால் கை நழுவிப் போய்விடும். இன்றைக்குப் பெரிய ஆள். மேடை நிகழ்ச்சி நோட்டீசில் அவருடைய பெயரும் கூலிங் கிளாஸ் போட்ட படமும் வருகிறது. நான் பொறாமைப்படவில்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், ஆகவே சொல்லவில்லை. உன்னுடைய கலியாணத்தைச் சொல்ல டெலிபோன் எடுத்தேன். "அக்கா, எனக்கு அந்தக் கிழமை புரோகிராம். கெட்டிமேளம் அருமையா ரெக்கோர்ட் பண்ணி வைச்சிருக்கிறன், சீடி அனுப்பிவிடுறன்" என்றார். அந்தச் சீடியைத்தானே நீயும் போடுவதாக ஏற்பாடு. சீடி நல்லது தம்பி, பிழை விடாது. ஆனால் அதற்கு முழங்கை தெரியாது, தன்னுடைய நேரத்துக்குத் தொடங்கி, தன்னுடைய நேரத்துக்கு முடிந்துவிடும்.

சால்வோ இஞ்சைதான். மீன்கடையை விட்டுவிட்டு இப்போது பொலித்தேயாமாப் பக்கம் ஒரு மாடிக்கட்டடத்துக்குக் காவல்காரன். வாசலில் சின்ன அறை, அதற்குள் கதிரைக்குக் கீழே அக்கோர்டியன். பகலில் வாசித்தால் இரண்டாம் மாடி சிஞ்ஞோரா முறைப்பாடு செய்கிறாவாம், டிசம்பரில் நத்தாருக்கு மட்டும் அவவே இறங்கி வந்து வாசிக்கச் சொல்லுகிறாவாம். நீ சொன்னதை அவனிடம் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. அவன் தோளைக் குலுக்கினான். "சிஞ்ஞோரா, என் மகன் சின்ன வகுப்புப் படிக்கும்போது, 'பப்பா, உங்களில் மீன் மணக்கிறது, பள்ளிக்கூட வாசலுக்கு வராதீர்கள்' என்றான். நான் தெருமுனையில் நின்றேன். இப்போது அந்த மீன்கடையை யார் நடத்துகிறார்கள்? அவன்தான். என்னைவிட அதிகமாக மணக்கிறான்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் தெருமுனையில் நின்றதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

இனித்தான் நான் சொல்லவந்த விஷயம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் மாமியைப் பார்க்கப் போனேன். சண்டைக்கு இல்லை, என்ன நிறத்தில் சேலை கட்டுவது என்று கேட்கத்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் ஸ்டேசனடியில் பஸ்ஸால் இறங்கி நடந்து போகும்போதே, பாட்டைப் பற்றி நானாகவே சொல்லிவிட வேண்டும், அவவுக்குச் சங்கடம் கொடுக்கக் கூடாது என்று யோசித்துக்கொண்டு போனேன். தேத்தண்ணி தந்தா. நான் சொன்னேன், "நீங்கள் யோசிக்காதேங்கோ. தம்பி சொன்னவன். நான் பாடேல்லை."

மாமி கோப்பையைக் கீழே வைத்தா. "என்னவாம்? நான் சொன்னனானோ?"

"மாப்பிள்ளையின்ரை தாய் பாடுறது வடிவில்லை எண்டு..."

"ஐயோ, நான் ஏன் அப்பிடிச் சொல்லுறன்? மூத்தவளின்ரை கலியாண வீடியோவை இப்பவும் போட்டுப் பாக்கிறனான். அண்டைக்கு நீங்கள் மட்டும் வாய் திறக்காமல் விட்டிருந்தால் எங்கடை நிலைமை என்ன? துஷா உங்களைப் பற்றி என்னட்டைக் கேக்கிறாள், மாமி அந்தப் பாட்டைப் பாடுவாவோ, இல்லாட்டி நான் கேக்கட்டோ எண்டு. ஜெர்மனியிலை இருக்கிற என்ரை தம்பியும் குடும்பமாய் வாறான். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்கினம்."

"அவனுக்கு நான் சொன்னது பிழையா விளங்கியிருக்கும்" என்று சமாளித்தேன். மாமி என்னுடைய முகத்தைப் பார்த்தா, மேலே கேட்கவில்லை, அந்தக் குணத்துக்காகவே அவவை எனக்குப் பிடிக்கும். சேலை நிறத்தைக் கேட்க மறந்து வந்துவிட்டேன். பஸ் எடுக்காமல் வீடு வரைக்கும் நடந்தேன். கோபம் வந்தது. பிறகு கண்ணீர் வந்தது, ரோட்டில் ஒரு தாய் அழுதுகொண்டு போகிறாள் என்று ஒரு இத்தாலியன் நின்று "எல்லாம் சுகமோ, சிஞ்ஞோரா?" என்று கேட்கிற அளவுக்கு வந்தது. நீ பாட வேண்டாம் என்றது பெரிதாக நோகவில்லை. அதைச் சொல்ல இன்னொரு பொம்பிளையின் பெயரை எடுத்தாயே, அதுதான் நொந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பேப்பரை மடித்தால் ஏதோ பெரிய விஷயம். "அந்த ஜெர்மனிக்காரன் வாறானோ?" என்று கேட்டார். "ஓம், குடும்பமாய்" என்றேன். "அப்ப அதுதான்" என்றார். பிறகு சொன்னார். சுபாவின் கலியாணத்தில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது அந்தத் தாய்மாமன் மிக்சருக்குப் பக்கத்தால் கைகழுவப் போனாராம். போகிறபோது பக்கத்தில் வந்தவரிடம், "கலியாண வீட்டிலை அம்பாவோ? ஆர் ஆக்கள் எண்டதைப் பாட்டே சொல்லுது" என்று சொல்லிச் சிரித்தாராம். நீ அதைக் கேட்டாயாம். அன்றைக்கு நீ சாப்பிடாமல் வானுக்குள் போய் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வெயிலுக்குத் தலையிடி என்றாய், நானும் நம்பிவிட்டேன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று அப்பாவைக் கேட்டேன். "சொன்னால் நீ பாடுறதை விட்டிருப்பாய்" என்றார்.

தம்பி, உன்னில் எனக்குக் கோபம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன், பாதி போயிருக்கிறது. அந்தப் பாதி ஏன் போனது என்றும் சொல்கிறேன். இஞ்சை வந்த புதிதில் யாராவது "நீங்கள் ஊரிலை எவடம்?" என்று கேட்டால், நான் "யாழ்ப்பாணம் டவுன்" என்பேன். நீ என்னுடைய கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். ஒருநாள் நீ நிமிர்ந்து, "அம்மா, எங்கடை வீடு கடற்கரையிலையெல்லோ" என்று கேட்டாய், நான் உன்னுடைய கையை அமத்தினேன். கடற்கரை என்றால் என்ன ஆட்கள், என்ன சாதி என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பயம். மற்றப்படி நான் ஒருவருக்கும் பயந்தவள் இல்லை. மேடையில் அம்பா பாடத் துணிந்தவள், கடைத்தெருவில் ஊரின் பெயரைச் சொல்லத் துணியவில்லை. ஒளிக்கிற பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று நான் அதிகம் தேடத் தேவையில்லை.

துஷாவுக்கு நாங்கள் ஆரென்று தெரியும். அவளுடைய தாய்க்கும் தெரியும், தெரிந்துதான் பெண் தருகிறா. அந்த ஜெர்மனி மாமாவுக்கும் ஆறு வருஷமாகத் தெரியும். அப்படியானால் நீ யாருக்கு ஒளிக்கிறாய்? உன்னுடைய ஆபீஸ் ஆட்களுக்கா? அவர்களுக்கு அம்பாவும் தேவாரமும் ஒன்றுதான். கலியாணம் கட்டப்போகிற உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை அறிவுரை என்று எடுத்தாலும் சரி, கிழவியின் அலட்டல் என்று எடுத்தாலும் சரி. அன்றைக்குச் சுபாவின் கலியாணத்தில் மேளம் நேரத்துக்கு முதல் தொடங்கிவிட்டது. யாருடைய பிழை, சால்வோவினதா, வீடியோக்காரனுடையதா என்று நாங்கள் அந்த இடத்தில் நிறுத்தி விசாரித்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். வீட்டுக்குள்ளும் அப்படி ஏதாவது பிழைக்கும். அப்போது நிறுத்தாதே, அவள் உன்னிடம் வந்து சேருமட்டும் கதைத்துக்கொண்டிரு. விசாரணையைப் பிறகு சாப்பிடும்போது வைத்துக்கொள்ளலாம். அப்பாவும் நானும் அப்படித்தான் இவ்வளவு காலம் ஓட்டினோம். அவர் கதைக்காத ஆள் என்பதால் இரண்டு பேருக்குமாக நான் கதைத்தேன்.

அவளிடம் உண்மையைச் சொல்லிவிடு. மாமியின் பெயரை இழுத்தேன் என்பதை நீயே உன்னுடைய வாயால் சொல்லு. மாமி காட்டிக்கொடுக்கமாட்டா, நானும் மாட்டேன், ஆனால் துஷா கேட்பாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தால் நீ தப்பினாய்.

இனி என்னுடைய முடிவு. நீ கேட்டபடி நான் மேடையில் ஏறமாட்டேன். மாப்பிள்ளையின் தாய்க்கு வைத்த கதிரையில், முன்வரிசையில், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அடக்கமாக இருப்பேன். கிருபாவின் சீடியைச் சவுண்ட்காரன் போடட்டும். முத்து லியோனிலிருந்து வருகிறான், மேளத்தைக் கொண்டுவராதே என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது, குசினிப்பக்கம் அடுப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சால்வோ அக்கோர்டியனை அப்பாவின் வானுக்குள் வைத்துவிட்டு வருவான். ஜெர்மனி மாமாவுக்கு நானே பக்கத்தில் நின்று சாப்பாடு போடுவேன். எந்த ஊர் என்று கேட்டால், ஊரின் பெயரைச் சொல்லுவேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். தாலி கட்டுகிறவன் சபைக்கு முதுகு காட்டித்தான் நிற்பான். உனக்கு முன்னால் துஷா இருப்பாள், பின்னால் நாங்கள் எல்லாரும் இருப்போம். தாலியை ஐயர் உன்னுடைய கையில் தந்த பிறகு, முழங்கையைத் தூக்க முதல், விரும்பினால் ஒருக்கால் திரும்பி என்னைப் பார். நீ பார்த்தால் நான் எழும்பிப் பாடுவேன், எனக்கு மைக்கும் வேண்டாம், மேடையும் வேண்டாம். பார்க்காவிட்டால் ஒன்றுமில்லை. முகத்தைத் தூக்கமாட்டேன், பிறகு ஒருநாளும் சொல்லிக்காட்டமாட்டேன், அறுகரிசியைப் போட்டு உங்கள் இரண்டு பேரையும் வாழ்த்திவிட்டு இருப்பேன். ஆனால் எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளின் முழங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றவள் நான். அன்றைக்கு என்னுடைய பிள்ளையின் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா